சத்து, டுவா, எம்பாட்!

ஈப்போவிலிருந்து சித்தியவான் வரைக்கும், நடுவில் இருக்கும் அத்தனை ரப்பர் தோட்டங்களையும் சேர்த்தே சொல்கிறேன், எம்பாட் அண்ணனைப் போல மோசமாகப் படம் எடுத்த மனிதர் பிறந்ததில்லை. படம் எடுக்கத் தெரியாதவர்கள் ஊரில் நிறையப் பேர் உண்டு. நானும் அந்தக் கூட்டம்தான். ஆனால் எங்களுக்கெல்லாம் எப்போதாவது கைதவறி ஒரு நல்ல படம் விழுந்துவிடும். அவருக்கு அது விழவே விழாது. காரணம், அவர் கைதவறி எதையும் செய்யமாட்டார். ஒவ்வொரு படத்தையும் யோசித்து, பாடம் பார்த்து, ஆளை நகர்த்தி நிறுத்திச் சரிபார்த்து, அதற்குப் பிறகுதான் மோசமாக எடுப்பார்.

எழுபதுகளில் நான் ஈப்போவில் ஒரு பஸ் கம்பெனியில் கிராணியாக இருந்தேன். மற்ற ஊர்களில் குமாஸ்தா என்பார்கள். எங்கள் பக்கம் கிராணி. எந்த பஸ் எப்போது கிளம்பியது, கிளம்பாத பஸ் ஏன் கிளம்பவில்லை, கிளம்பிய பஸ் ஏன் இன்னும் திரும்பவில்லை என்று எழுதுவது என் வேலை. மூன்றாவது கேள்விக்கு யாரிடமும் பதில் இருக்காது. வேலையில் சேர்ந்த முதல் மாதமே எனக்கு ஓய்வுபெறும் ஆசை வந்துவிட்டது.

எம்பாட் அண்ணன் அங்கே செக்கர். வழியில் ஏதாவது ஒரு நிறுத்தத்தில் திடீரென்று பஸ்ஸில் ஏறி டிக்கெட்டுகளைச் சரிபார்ப்பவர். காக்கிச் சட்டை, எண்ணெய் வழிய வாரிய தலை, தோளில் ஒரு பை. கல்யாணம் ஆகாதவர். டிப்போவுக்குப் பின்னால் ஓர் அறையில் குடியிருந்தார். இடது கை ஆள்காட்டி விரலில் பாதி கிடையாது. தோட்டத்தில் சின்ன வயதில் பால்வெட்டும் கத்தி பட்டு நுனி போய்விட்டது. அந்த மொட்டை விரலை நீட்டி அவர் டிக்கெட் கேட்டால், டிக்கெட் வாங்கியவர்களே ஒரு கணம் திருட்டு முழி முழிப்பார்கள்.

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. சம்பள நாளில் மட்டும் அது பயன்பட்டது. மற்ற நாட்களில் எல்லாருக்கும் அவர் எம்பாட்தான். மலாயில் எம்பாட் என்றால் நான்கு. படம் எடுக்கும்போது எங்கள் ஊரில் எல்லாரும் சத்து, டுவா, தீகா என்று, அதாவது ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவார்கள். இவர் எண்ணுவது வேறு மாதிரி.

"ஆடாம நில்லுங்கலா! சத்து... டுவா... எம்பாட்!"

அந்த 'லா' எங்கள் ஊர்ப் பேச்சின் வால், தனி அர்த்தம் கிடையாது. தீகாவுக்காக முகத்தைத் தயார் செய்துகொண்டு நிற்பவர்கள், திடுதிப்பென்று நான்கு வந்து விழுந்ததும் நிலைகுலைந்து சிரித்துவிடுவார்கள். அந்த நேரம் பார்த்து அவர் அமுக்கிவிடுவார். புதிதாக வேலைக்கு வந்தவர்கள், மனிதர் 'எம்பாடு, எம்பாடு' என்று தன் பாட்டைச் சொல்லிப் புலம்புகிறார் என்று நினைத்து ஆறுதல் சொன்னதும் உண்டு. எங்கள் கம்பெனியில் அப்படிப் புலம்பாதவர் யாரும் இல்லை என்பதால் அதுவும் பொருத்தமாகத்தான் இருந்தது.

ஒருநாள் நான் கேட்டேன். "ஏண்ணே, நடுவுல தீகாவ எங்க முழுங்கிட்டீங்க?"

"போட்டோவுல மூணு ஆகாது தம்பி. நான் பட்டது போதும்லா" என்றார்.

அவர் பட்டது சின்ன விஷயம் இல்லை. அவருக்கு ஒரே அக்கா, பாக்கியம். சித்தியவான் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர். அறுபதுகளின் கடைசியில் அக்கா, அம்மா, இவர் மூவரும் டவுனுக்குப் போய் ஸ்டூடியோவில் ஒரு படம் எடுத்துக்கொண்டார்கள். மூன்று பேர் சேர்ந்து படம் எடுத்தால் குடும்பம் பிரிந்துவிடும் என்று தோட்டத்து லய வீடுகளில் எல்லாரும் சொன்னார்கள். இவர்கள் கேட்கவில்லை. கொஞ்ச நாளில், சிவப்பு ஐசி வைத்திருப்பவர்கள் வேலை செய்ய வேண்டுமானால் பெர்மிட் வேண்டும் என்று வந்தது. ஐசி என்பது அடையாள அட்டை, குடியுரிமை இல்லாதவர்களுக்குச் சிவப்பு. அக்காவுக்கும் அவர் புருஷனுக்கும் சிவப்பு. இவர் எப்படியோ நீலம் வாங்கியிருந்தார். பெர்மிட் கிடைக்கவில்லை. பிறந்து வளர்ந்த தோட்டத்தை விட்டுவிட்டு, கண்ணால் பார்த்தே இராத தஞ்சாவூர்ப் பக்கத்துக்கு அக்கா கப்பல் ஏறினார். பின்னாலேயே அம்மாவும் இறந்துபோனார். அந்தப் படத்தில் இருந்த மூவரில் இங்கே மிஞ்சியது இவர் ஒருவர்தான்.

பினாங்கு துறைமுகத்தில் அக்கா கடைசியாகச் சொன்னதை அவர் என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறார். "மொகமெல்லாம் மறந்துரும்டா. ஒன்னச் சுத்தி இருக்கறவங்க, சடக்கு, பஸ்ஸு, எல்லாத்தையும் படம் புடிச்சு அனுப்பு. நானும் அங்கதான் இருக்கேன்னு நெனச்சிக்கிறேன்." சடக்கு என்றால் எங்கள் பக்கம் ரோடு.

கேமரா வந்தது அதற்காகத்தான். அவருக்கு எழுத்து வராது. உறைமேல் விலாசத்தை நான் எழுதித் தருவேன், உள்ளே படங்கள் மட்டும் போகும். அதுதான் அவருடைய கடிதம். அக்காவுக்கு இந்த ஊர் மறந்துவிடக் கூடாது, தன்னைச் சுற்றி இருப்பவர்களை அக்கா தெருவில் பார்த்தால் அடையாளம் சொல்ல வேண்டும். அவர் வாழ்க்கையில் பட்ட ஒரே கவலை அது. மற்றபடி அவர் டிக்கெட் இல்லாதவர்களுக்குத்தான் கவலை கொடுத்தார்.

கேமராவை லூமுட் துறைமுகத்தில் ஒரு கப்பல்காரனிடம் வாங்கினார். ஜப்பான் கேமரா. கூடவே ஒரு சின்னப் புத்தகம், முதல்முதலாகப் படம் எடுப்பவர்கள் எப்படி எடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பது. முழுக்க ஜப்பான் எழுத்து. நல்லவேளையாக, அல்லது எங்கள் கெட்டவேளையாக, அதில் பக்கத்துக்குப் பக்கம் சித்திரங்கள் இருந்தன. ஒரே காட்சியை ஜப்பான்காரன் இரண்டு விதமாக வரைந்து, ஒன்றின் மேல் வட்டம் போட்டிருந்தான். இன்னொன்றின் மேல் குறுக்காக இரண்டு கோடு போட்டிருந்தான்.

டிப்போ கண்டீனில் அந்தப் புத்தகத்தை விரித்து வைத்துப் பெரிய ஆராய்ச்சி நடந்தது. எம்பாட் அண்ணன், டிரைவர் சுப்பையா அண்ணன், கண்டீன் நடத்திய அக்கா, நான். சுப்பையா அண்ணனுக்குக் காது இரண்டும் வெளியே விரிந்து நிற்கும், கம்பெனியிலேயே பெரிய காது அவருக்குத்தான்.

"இதுல எதுலா சரி? வட்டமா, குறுக்கா?" என்றார் சுப்பையா அண்ணன்.

"இது தெரியாதா?" என்றார் எம்பாட் அண்ணன். "எலெக்சன்ல நமக்குப் புடிச்ச ஆளுக்கு என்னா போடுறோம்?"

"பங்கா" என்றார் கண்டீன் அக்கா. ஓட்டுச்சீட்டில் போடும் குறுக்குக் குறிக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர்.

"அப்ப பங்கா போட்டதுதான் நல்லது. வட்டம்னா என்னா? முட்டை! பள்ளிக்கூடத்துல வாத்தியாரு எனக்குப் போட்டாரே, அது."

நான் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "பரீட்சைத் தாள்ல குறுக்க கோடு போட்டா தப்புன்னுதானேண்ணே அர்த்தம்?"

"அது வாத்தியாரு போட்ட கோடு தம்பி. இது ஜப்பான்காரன் போட்டது."

கை தூக்கச் சொல்லி அங்கேயே ஓட்டெடுப்பு நடத்தினார். மூன்றுக்கு ஒன்று என்று நான் தோற்றேன். அன்றைக்கு வேறு பாதி பஸ்கள் பழுதாகிக் கிடந்தன. மேற்கொண்டு வாதாட எனக்குத் தெம்பு இல்லை.

அன்று தொடங்கியது எங்கள் கஷ்டகாலம்.

புத்தகத்தில் ஒரு பக்கத்தில், ஆளுக்குப் பின்னால் சூரியன் நிற்பது போல வரைந்து பங்கா போட்டிருந்தது. ஆகவே சுப்பையா அண்ணனைச் சாயங்கால வெயிலுக்கு முதுகைக் காட்டி பஸ்முன் நிறுத்தினார். சுப்பையா அண்ணன் அதற்கென்று முகச்சவரம் செய்து, பவுடர் போட்டு, புதுச் சட்டையில் வந்திருந்தார். படத்தில் அவர் முகம் அடுப்புக்கரி. பின்னாலிருந்து வெயில் பாய்ந்ததில் காது இரண்டு மட்டும் தகதகவென்று சிவப்பாக எரிந்தது.

"என்னாலா இது, மூஞ்சியே காணோம்?" என்று சுப்பையா அண்ணன் கத்தினார்.

"காதப் பாருங்கண்ணே, எவ்வளவு தெளிவா விழுந்துருக்கு" என்றார் இவர்.

இன்னொரு பக்கத்தில், தலையில்லாத ஆளுக்குப் பங்கா. கண்டீன் அக்கா தீபாவளிக்குப் பட்டுச்சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, கழுத்தில் இருந்ததையெல்லாம் எடுத்துப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். படம் வந்தது. இடுப்பிலிருந்து கீழே மட்டும் அக்கா இருந்தார். பூவும் இல்லை, நகையும் இல்லை. அவசரத்தில் மாற்ற மறந்த ரப்பர் சிலிப்பர் மட்டும், அதுவும் ஒன்று நீலம், ஒன்று பச்சை, பளிச்சென்று தெரிந்தது. கொஞ்ச நாளைக்கு எம்பாட் அண்ணனுக்கு வந்த கோப்பியில் சீனி இல்லை.

என் கதை இன்னும் மோசம். தலைக்குப் பின்னால் கம்பம் நிற்கும் பக்கத்துக்கும் பங்கா போட்டிருந்தது. டிப்போ வாசலில் 'பஸ்' என்று பெரிதாக எழுதிய பலகையோடு ஒரு கம்பம் நின்றது. என்னை அதன் முன்னால் நிறுத்தி, அரைமணி நேரம் நகர்த்தினார்.

"கொஞ்சம் எடது பக்கம் போங்க தம்பி. இன்னும். போதும்லா. ஆங், இப்ப கம்பம் சரியா மண்டையில மொளச்சிருச்சு. சத்து... டுவா... எம்பாட்!"

அதில் நான் வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். என் உச்சந்தலையிலிருந்து கம்பம் கிளம்பி, அதன் உச்சியில் 'பஸ்' என்ற பலகை நிற்கிறது. பார்ப்பவர்கள் என்னை அங்கே நின்று கைகாட்டி ஏறிக்கொள்ள வேண்டிய இடம் என்றே நினைப்பார்கள்.

மூன்று பேர் சேர்ந்து நின்றால் அவருக்குப் பொறுக்காது. நான்காவதாக யாரையாவது இழுத்து வந்து நிறுத்துவார். சைக்கிளில் ரொட்டி விற்றுக்கொண்டு போன பாய், பஸ் தவறவிட்டு நின்ற பயணி, குப்பை அள்ள வந்தவர், யாராக இருந்தாலும் சரி. ஈப்போவில் பல குடும்பங்களின் படங்களில், அந்தக் குடும்பத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவர் உரிமையோடு சிரித்துக்கொண்டு நிற்பார். கேட்டால் தூரத்துச் சொந்தம் என்று சொல்லிச் சமாளிப்பார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக விரல். புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே, கேமராக் கண்ணாடியின் ஓரத்தில் விரல் நீட்டிக்கொண்டிருப்பது போல ஒரு படம், அதற்குத்தான் இருப்பதிலேயே பெரிய பங்கா. ஆகவே எதை மறந்தாலும் அவர் விரலை மறக்கமாட்டார். இடது கையின் மொட்டை விரலைக் கண்ணாடியின் மூலையில் பதவிசாக வைத்துவிட்டுத்தான் எண்ணத் தொடங்குவார். அவர் எடுத்த அத்தனை படத்திலும் மேல்மூலையில், நுனியில்லாத ஒரு மொத்தையான உருவம், மேகம் மாதிரி எட்டிப் பார்க்கும்.

படம் கழுவித் தருகிற கடை பழைய டவுனில் இருந்தது. கடை முதலாளி, எங்கள் பேச்சில் தவுக்கே, ஒரு சீனர், பொறுமைசாலி. ஆரம்பத்தில் தன் மெஷினில்தான் பூஞ்சை பிடித்துவிட்டது என்று நினைத்து அதைக் கழற்றித் துடைத்தாராம். பிறகு ஒருநாள் படத்தை நீட்டி, "தம்பி, இனி ஜாரி சியாப்பா?" என்றார். இது யாருடைய விரல் என்று கேள்வி.

"சாயா புன்யா!" என்னுடையது என்று இவர் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்.

தவுக்கே என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். "ரோசாக் லா, தா சாந்தே" என்று அவர் தலையை ஆட்டினார். எல்லாம் கெட்டுப்போச்சு, அழகாக இல்லை என்று அர்த்தம்.

வெளியே வந்ததும் எம்பாட் அண்ணன் சொன்னார். "இவன் ஸ்டூடியோவுல வந்து எடுக்கணும்னு நம்மள மட்டம் தட்டுறான் தம்பி. யாவாரத் தந்திரம்லா."

இப்படி வருடக்கணக்கில் அந்தப் படங்கள் கப்பலேறின. அக்காவிடமிருந்து, யாரையோ வைத்து எழுதிய இரண்டே வரி பதில் வரும். படம் வந்தது, சந்தோஷம், இன்னும் அனுப்பு. அவ்வளவுதான். அதைப் படித்துக் காட்டும்போதெல்லாம் எம்பாட் அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டும். எனக்கு உள்ளுக்குள் பாவமாக இருக்கும். காது, சிலிப்பர், கம்பம், விரல். அந்த அம்மாள் இதையெல்லாம் பார்த்து எந்த ஊர் என்று நினைத்துக்கொண்டிருப்பாரோ என்று தோன்றும். ஆனால் யார் போய்ச் சொல்வது?

எண்பதுகளில் ஜெலாப்பாங் பக்கம் தொழிற்சாலைகள் வந்தன. அங்கே வேலை பார்த்த ஒரு ஜப்பான் எஞ்சினியர், கார் பழுதான ஒருநாள் எங்கள் பஸ்ஸில் ஏறினார். வீட்டுக்குப் போக நானும் அதே பஸ்ஸில் இருந்தேன். நல்ல கூட்டம். எம்பாட் அண்ணன் டிக்கெட் பார்த்துக்கொண்டே வந்தவர், ஜப்பான்காரரைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டார். பையிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்து நீட்டினார். எத்தனையோ வருடமாக அதைப் பையிலேயே வைத்திருந்தார்.

"இனி பாகுஸ், கான்?" என்று பங்கா போட்ட படத்தைக் காட்டினார். இதுதானே நல்லது என்று அர்த்தம்.

ஜப்பான்காரர் பதறிவிட்டார். கொஞ்சம்தான் மலாய் தெரியும் அவருக்கு. எழுந்து நின்று, கூட்டத்தில் இடித்துக்கொண்டு, இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே குறுக்காக வைத்து, "தா போலே! தா போலே!" என்றார். கூடாது, கூடாது. பிறகு இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி வட்டமாக வளைத்து, "பாகுஸ்!" என்றார். எம்பாட் அண்ணன் நம்பாமல் அடுத்த பக்கத்தைக் காட்டினார். அவர் மறுபடியும் குறுக்கே கை வைத்தார். அதற்கடுத்த பக்கம். மறுபடியும். பஸ் வளைவில் திரும்பியபோது வட்டமாகத் தூக்கிய கையோடு அவர் ஒரு மலாய் மக்சிக் அம்மாளின் மடியில் விழுந்து, எழுந்து, மறுபடியும் வட்டம் காட்டினார். பின்சீட்டில் இருந்தவர்கள், அந்த ஊர்க்காரர்கள் சாயங்காலமானால் உடற்பயிற்சி செய்வார்கள் போலிருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை, எம்பாட் அண்ணன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால்.

அதற்குப் பிறகு ஏறிய யாரிடமும் அவர் டிக்கெட் கேட்கவில்லை. இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"முட்டையத்தான் எடுத்திருக்கணும் தம்பி. நான் இத்தன வருசமா அக்காவுக்குத் தப்பை மட்டுமே பொறுக்கிப் பொறுக்கி அனுப்பிட்டேனே. பாவம்லா அது, ஒரு வார்த்த சொல்லலியே."

ஒரு வாரம் மனிதர் கேமராவைத் தொடவில்லை. பிறகு வெறி பிடித்தவர் போலத் தொடங்கினார். நாங்கள் எல்லாரும் மறுபடியும் நிற்க வேண்டியதாயிற்று, இந்தத் தடவை வட்டத்தின்படி. மொட்டை வெயிலில் சூரியனைப் பார்த்து நின்றோம். பின்னால் கம்பம் இல்லை, மரம் இல்லை, ஒரு சுவர். தலை முழுதாக உள்ளே. விரல் வெளியே. கேமரா ஆடாமல் இருக்க மூச்சை அடக்கிக்கொண்டு எடுத்தார். எண்ணவும் இல்லை. எப்போது அமுக்குவார் என்று தெரியாமல் நாங்கள் போலீஸ் ஸ்டேஷனில் நிற்பது மாதிரி நின்றோம்.

படம் வந்தது. தவுக்கே கடையை விட்டு வெளியே ஓடிவந்து எம்பாட் அண்ணன் கையைக் குலுக்கினார். அப்படி ஒரு தெளிவு. சுப்பையா அண்ணனுக்குக் காது மட்டுமல்ல, மூக்கும் பெரிது என்று தெரிந்தது. கண்டீன் அக்காவுக்கு ஒழுங்கான முகம் கிடைத்தது, கோப்பியில் சீனி திரும்பி வந்தது. என் படத்தை நான் ரொம்ப நேரம் பார்த்தேன். நான் இவ்வளவு களைத்துப்போனவன் என்று அன்றுவரை எனக்குத் தெரியாது. கண்ணுக்குக் கீழே பை, நெற்றியில் கோடு, ஓடாத பஸ்களை எல்லாம் தோளில் சுமந்து நிற்பவனைப் போல.

"இதாம்லா போட்டோ!" என்றார் எம்பாட் அண்ணன். ஒரு தடித்த உறையில் எல்லாவற்றையும் போட்டார். நான் விலாசம் எழுதினேன். போய்ச் சேர்ந்தது.

பதில் வரவில்லை.

எப்போதும் வருகிற இரண்டு வரிகூட வரவில்லை. எம்பாட் அண்ணன் தபால்காரரை பஸ்ஸில் கண்டால் டிக்கெட்டுக்குப் பதிலாகக் கடிதத்தைக் கேட்கத் தொடங்கினார். "அக்காவுக்குக் கோவமா இருக்குமோ தம்பி? இப்பத்தான் நல்லா எடுக்கத் தெரிஞ்சுதா, இத்தன வருசம் என்னை ஏமாத்துனியான்னு நெனைக்குமோ?" என்று என்னையே கேட்பார். ஏதோ தபால் தாமதம் என்று சொல்லி வைத்தேன்.

கடைசியில் ஒரு தந்தி வந்தது. அக்கா பினாங்குக்குக் கப்பலில் வருகிறார். எம்பாட் அண்ணன் தலைகால் புரியாமல், சொன்ன நேரத்துக்கு அங்கே இருக்க வேண்டும் என்று விடிவதற்குள் பஸ் ஏறிப் போய்விட்டார். ஆனால் அந்தக் கப்பல் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டது. எங்கள் கம்பெனியின் பஸ்கள் ஒருநாளும் செய்யாத காரியம்.

மத்தியானம் நான் என் மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு பெண் குரல் கேட்டது. எழுந்து போனேன். ஐம்பது வயதிருக்கும். கையில் ஒரு துணிப்பை, பயணத்தில் கசங்கிய சேலை. டிப்போ வாசலில் இருந்த கம்பத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பார்வையை இறக்கி என்னைப் பார்த்தார். என் தலைக்கு மேலே பார்த்தார். மறுபடியும் என்னைப் பார்த்தார்.

"தலையில பஸ்ஸு மொளச்ச தம்பிதானே நீங்க?"

நான் என் உச்சந்தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். அதற்குள் என்னைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார். கண்டீன் அக்கா எதிரே வர, அவருடைய காலைப் பார்த்தார். ஒன்று நீலம், ஒன்று பச்சை. கண்டீன் அக்கா இன்னும் அப்படித்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

"சிலிப்பர் அக்கா!" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். சுப்பையா அண்ணன் பஸ்ஸிலிருந்து முதுகைக் காட்டி இறங்கிக்கொண்டிருந்தார். "அது காது அண்ணன்தானே?"

சொந்த ஊருக்குத் திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். வந்தே இராத ஓர் இடத்துக்கு இப்படி ஒருவர் திரும்பி வந்ததை அன்றுதான் பார்த்தேன். ஆனால் அவர் முகத்தில் வந்த சிரிப்பு நிலைக்கவில்லை. சட்டென்று என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, மறைக்காம சொல்லுங்க. எந்தம்பி எங்க? உசுரோட இருக்கானா?"

"என்னாக்கா இப்படிக் கேக்குறீங்க? ஒங்களக் கூட்டிவரத்தான் பினாங்குக்குப் போயிருக்காரு. இப்ப வந்துருவாரு."

அவர் நம்பவில்லை. பையிலிருந்து நான் விலாசம் எழுதிய அந்தத் தடித்த உறையை எடுத்தார். தெளிவான, ஒழுங்கான, வட்டம் போட்ட படங்கள். "இதெல்லாம் அவன் புடிச்சது இல்ல. யாரோ படக்காரன் புடிச்சது. அவன் புடிச்சா வெரலு இருக்கும்" என்றவர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

நான் ஜப்பான் புத்தகத்தின் கதையைச் சொன்னேன். பங்கா, முட்டை எல்லாவற்றையும் சொன்னேன். பாதி புரிந்ததா தெரியவில்லை. கண்டீன் அக்கா கொண்டுவந்த கோப்பி ஆறிக்கொண்டிருந்தது. அவர் சடக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் பஸ்கள் தாமதமாக வருவதற்காக நான் முதல்முதலாக வெட்கப்பட்டது அன்றைக்குத்தான்.

சாயங்காலம் எம்பாட் அண்ணன் வந்து இறங்கினார். துறைமுகத்தில் அக்காவைத் தவறவிட்டுவிட்டோம் என்ற பயத்தில் முகம் வெளுத்துப் போயிருந்தது. பாக்கியம் அக்கா எழுந்து நேராகப் போனார். அழவில்லை, கட்டிப்பிடிக்கவில்லை, எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை. அவருடைய இடது கையைப் பிடித்துத் தூக்கி, அந்த மொட்டை விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத எங்கடா ஒளிச்சு வச்ச?"

"அக்கா..."

"எல்லாப் படத்துலயும் இது இருந்துச்சு. நான் கட்டுப் போட்ட வெரலு. ஒருத்தரு மூஞ்சியும் ஒழுங்காத் தெரியாது, பரவால்லடா, இதத்தான் மொதல்ல பாப்பேன். எந்தம்பி நல்லாருக்கான், கை ஆடாம இருக்கான்னு நெனச்சிப்பேன். திடீர்னு இதக் காணோம்னா நான் என்னா நெனைக்கிறது? கப்பல்ல ஒருநாளும் கண்ண மூடலடா."

எம்பாட் அண்ணன், "நல்லா எடுக்கணும்னு பாத்தேன்க்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு, எங்கள் எல்லார் முன்னாலும் விசும்பி அழுதார். எந்தப் பயணியும் அவரை அப்படிப் பார்த்திருக்கமாட்டார்கள். சுப்பையா அண்ணன் தலையைத் திருப்பிக்கொண்டார். அவருடைய காது சிவந்திருந்தது.

கொஞ்ச நேரத்துக்குப் பிறகு பாக்கியம் அக்காதான் சொன்னார். "சரி, அழுதது போதும். எங்கள ஒரு படம் புடி. எப்பவும் புடிப்பியே, அப்படிப் புடி."

கம்பத்தின் கீழே அவரும் கண்டீன் அக்காவும் சுப்பையா அண்ணனும் போய் நின்றார்கள். எம்பாட் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேமராவைத் தூக்கியவர், உடனே இறக்கினார்.

"மூணு பேரு! தம்பி, ஓடிப்போயி நில்லுங்கலா!"

நான் நான்காவதாகப் போய் நின்றேன். வெயில் எங்கள் முதுகில் அடித்தது. கம்பம் யார் தலையில் முளைத்தது என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் மொட்டை விரலைக் கண்ணாடியின் மூலையில் வைத்தார்.

"சத்து... டுவா... எம்பாட்!"

முதலில் சிரித்தது பாக்கியம் அக்காதான். அந்த எண்ணிக்கையை அவர் அதுவரை கேட்டதே இல்லை. "ஓ, இதுக்குத்தான் எல்லாப் படத்துலயும் இந்தத் தம்பி சிரிச்சிக்கிட்டே நின்னுச்சா?" என்று என்னைக் காட்டிக் கேட்டார். எம்பாட் அண்ணன் அமுக்கியது அந்த நேரத்தில்தான்.

விசா முடிந்ததும் பாக்கியம் அக்கா திரும்பிப் போனார். எம்பாட் அண்ணன் அதற்குப் பிறகு அந்த ஜப்பான் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. அவர் கை நடுங்கத் தொடங்கும்வரை பங்கா படங்கள்தான் கப்பலேறின, விரலோடு. பிறகு அவரும் கண்ணை மூடினார். கம்பெனியும் இல்லை, அந்தக் கம்பமும் இல்லை.

இப்போது என் மகள் ஒரு டிஜிட்டல் கேமரா வைத்திருக்கிறாள். என்னை வெளிச்சம் பார்த்து நிறுத்தி, பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்து, எல்லாம் சரியாகச் செய்கிறாள். ஒன், டூ, த்ரீ என்று எண்ணி அமுக்குகிறாள். பிறகு திரையைப் பார்த்து அலுத்துக்கொள்கிறாள். "ஏம்ப்பா, எப்பப் பாத்தாலும் டயர்டாவே நிக்கிறீங்க? த்ரீ சொல்றப்ப கொஞ்சம் சிரிச்சாத்தான் என்னாவாம்?"

நானும் முயற்சி செய்யாமல் இல்லை. ஆனால் மூன்றுக்குச் சிரிக்க என் முகம் பழகவில்லை. அது நான்குக்காகக் காத்துக்கொண்டு நிற்கிறது. அதைச் சொல்லத்தான் எங்கள் எம்பாட் அண்ணன் இல்லை.